சனிக்கிழமை ராத்திரிப் படம்: புருஷன் பெண்டாட்டி சேர்ந்து படம் பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் மதுரை ஆரப்பாளையம் பக்கம் இருக்கிறோம். நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். 2009-ல் கல்யாணம். அந்த வருஷத்திலிருந்தே வாரம் ஒரு படம் சேர்ந்து பார்க்கிறோம். கூட வேலை பார்ப்பவர்கள், போன வருஷம் கல்யாணமான என் தங்கச்சி, அவள் தோழிகள், மாடி வீட்டு அக்கா என்று எல்லோரும் ஒரே சந்தேகங்களைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்ட வார்த்தையிலேயே இருக்கின்றன.

வாரா வாரம் படமா? எப்பதான் பார்க்குறீங்க?

சனிக்கிழமை ராத்திரி, வீட்டில். அவர் கடை சாத்தி வர ஒன்பதரை ஆகும். சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் படத்தைப் போடுவோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தியேட்டருக்குப் போவோம், பெரும்பாலும் மேட்னி. அந்த வாரம் சனிக்கிழமைப் படம் கிடையாது.

ஞாயிறு ஒருநாள்தான் அவருக்கு லீவு. அதிலும் பாதி நாள் கல்யாணம், காதுகுத்து, சொந்தக்காரர் வீடு என்று போய்விடும். சனிக்கிழமை ராத்திரியை யாரும் வந்து கேட்பதில்லை. அதனால் அதைப் பிடித்துக்கொண்டோம்.

எந்தப் படம்னு யார் முடிவு பண்றது? எங்க வீட்டுல தேடித் தேடியே பதினோரு மணி ஆகி, கடைசியில எதையும் பார்க்காம படுத்துடுறோம்.

இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும்விட அதிகம் வருகிறது. எங்கள் வீட்டில் முறை வைத்திருக்கிறோம். ஒரு வாரம் என் முறை, அடுத்த வாரம் அவர் முறை. முறை யாருக்கோ அவர் வியாழக்கிழமை ராத்திரிக்குள் படத்தின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை டிவி முன்னால் உட்கார்ந்து தேடும் பேச்சே கிடையாது.

முறை இல்லாதவருக்கு ஒரே ஒரு கடமை: படம் முடியும்வரை உட்கார்ந்து பார்க்க வேண்டும். நடுவில் “இதெல்லாம் ஒரு படமா” என்று முனகக் கூடாது. கருத்து எதுவானாலும் படம் முடிந்த பிறகுதான். வருஷத்துக்கு ஆளுக்கு இரண்டு தடவை மட்டும் “இது வேண்டாம், வேற சொல்லுங்க” என்று கேட்கலாம். அந்த இரண்டையும் நான் முழுதாகப் பயன்படுத்திய வருஷம் குறைவு. வேண்டாம் என்று சொல்ல முடியும் என்று தெரிந்தாலே பாதி எரிச்சல் போய்விடுகிறது.

மாசத்துக்கு எவ்வளவு ஆகும்? எங்களுக்குக் கட்டுப்படியாகுமா?

தியேட்டர் கணக்கை முதலில் சொல்கிறேன். தமிழ்நாட்டில் மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டின் அடிப்படை விலைக்கு 2017-ல் அரசு 150 ரூபாய் உச்சவரம்பு வைத்தது. அதன்மேல் ஜிஎஸ்டி, உள்ளாட்சிக் கேளிக்கை வரி எல்லாம் சேர்ந்து ஒரு டிக்கெட் 180, 190 ரூபாய்க்கு வந்து நிற்கும். ஆன்லைனில் எடுத்தால் டிக்கெட்டுக்கு இன்னும் ஒரு முப்பது, முப்பத்தைந்து ரூபாய் கட்டணம். நாங்கள் மூன்று பேர் போகிறோம், எங்கள் பையனையும் சேர்த்து. படம் வந்து இரண்டு வாரம் கழித்துப் போவதால் கூட்டம் இருக்காது, கவுன்ட்டரிலேயே வாங்கிவிடுவோம். அந்தக் கட்டணம் மிச்சம். 100 ரூபாய்க்குள் டிக்கெட் இருக்கும் தியேட்டர் உங்கள் ஊரில் இருந்தால் அங்கேயே போங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து அந்த விலை டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது.

வீட்டில் பார்ப்பதற்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஓடிடிக்குத்தான் பணம் கட்டுகிறோம். மூன்று மாதம் ஒன்று, அது முடிந்ததும் வேறொன்று. நான்கைந்தையும் சேர்த்துக் கட்டிவிட்டு எதையும் முழுதாகப் பார்க்காத வீடுகளைத்தான் நிறையப் பார்க்கிறேன்.

தியேட்டர் நல்லதா, வீடு நல்லதா?

இரண்டும் வேறு வேறு. தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. இந்திப் படங்களுக்குப் பெரிய மல்டிபிளெக்ஸ்காரர்கள் எட்டு வாரம் கேட்கிறார்கள். அதனால் எதற்குக் காத்திருக்கலாம் என்று பார்த்துத்தான் தியேட்டருக்குப் போகிறோம். சத்தமும் கூட்டமும் சேர்ந்தால்தான் ருசிக்கும் படத்துக்குத் தியேட்டர். இரண்டு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து பேசும் படத்துக்கு எங்கள் ஹாலே போதும்.

டிவியில பேசுறது ஒண்ணுமே கேக்கலை, சத்தத்தைக் கூட்டினா பாட்டு வரும்போது காது கிழியுது. பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டுறாங்க.

டிவியில் கோளாறு இல்லை. ஓடிடியில் பல படங்களின் ஒலி 5.1 முறையில், ஆறு தடமாகப் பிரிந்து வருகிறது. பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கான தடத்தில் இருக்கும். நம் டிவியில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர். ஆறையும் இரண்டுக்குள் அடைக்கும்போது பேச்சு அமுங்கிவிடுகிறது.

படம் ஓடும்போது மொழி, ஆடியோ தேர்வு செய்யும் இடத்துக்குப் போங்கள். 5.1 என்று போட்டிருந்தால், அதே மொழியில் சாதா ஸ்டீரியோ இருக்கிறதா என்று பார்த்து அதற்கு மாற்றுங்கள். பிறகு டிவியின் ஒலி அமைப்பில் குரலை எடுத்துக் காட்டும் வசதி இருக்கும். ‘கிளியர் வாய்ஸ்’ என்றோ வேறு பெயரிலோ போட்டிருப்பார்கள், அதை ஆன் செய்யுங்கள். டிவி ஷோகேஸ் பொந்துக்குள் இருந்தால் கொஞ்சம் முன்னால் இழுத்து வையுங்கள். மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்துத்தான் இருக்கிறது.

புது டிவி வாங்கினோம். படம் பார்த்தா சீரியல் மாதிரி தெரியுது. ஏன்?

சினிமா ஒரு விநாடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. புது டிவிகள் நடுநடுவே தாங்களாகவே படங்களைச் செய்து நுழைத்து, அசைவை வழுவழுவென்று ஆக்கிவிடுகின்றன. கிரிக்கெட்டுக்கு அது நல்லது, சினிமாவுக்கு ஆகாது. சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சாம்சங்கில் ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’ அல்லது ‘பிக்சர் கிளாரிட்டி’ என்று பெயர் இருக்கும். அதை நிறுத்துங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும், அது தானாக நின்றுவிடும்.

நெட் ஸ்லோ. சுத்திக்கிட்டே இருக்கு. என்ன பண்றது?

ஃபுல் எச்டி தரத்துக்கு நெட் வேகம் 5 எம்பிபிஎஸ், 4கே-வுக்கு 15 எம்பிபிஎஸ் வேண்டும் என்பது நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கு. எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும். செல்போன் டேட்டாவை டிவிக்குக் கொடுத்துப் பார்ப்பவர்களுக்கு, தினம் 1.5 ஜிபி, 2 ஜிபி திட்டத்தில் இடைவேளைக்கு முன்பே தீர்ந்துவிடும். தரத்தைக் குறைத்து வையுங்கள். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமையே டவுன்லோட் செய்துவிடுங்கள். வியாழக்கிழமையே பெயர் சொல்லிவிட வேண்டும் என்று வைத்ததில் இந்த வசதியும் இருக்கிறது.

எங்களுக்குச் சின்னப் பையன் இருக்கான். அவனை வச்சுக்கிட்டு எப்படிப் பார்க்குறது?

எங்கள் மகனுக்கு இப்போது 11 வயது. கைக்குழந்தையாக இருந்தபோது தூளியை ஆட்டிக்கொண்டே பார்த்த படங்கள் உண்டு. சத்தத்தை முழுக்கக் குறைத்து, பாதி கதையை வாயசைவிலேயே புரிந்துகொண்டோம். மூன்று வயதுக்குமேல்தான் உண்மையில் கஷ்டம். அவன் தூங்கினால்தான் படம். அவன் தூங்கவில்லை என்றால் அன்றைக்கு இல்லை, ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் தூங்கும்போது. அந்த நான்கு வருஷமும் படத்தைத் துண்டு துண்டாகத்தான் பார்த்தோம். அதிலும் முறையை விடவில்லை.

தியேட்டர் படத்துக்குச் சான்றிதழைப் பாருங்கள். முன்பு யு, யுஏ, ஏ என்று இருந்தது. 2024 நவம்பரிலிருந்து யுஏவை 7+, 13+, 16+ என்று பிரித்துவிட்டார்கள். யுஏ 13+ என்றால், அதற்குக் கீழே உள்ள பிள்ளையைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று பெற்றோர்தான் முடிவெடுக்க வேண்டும். ‘ஏ’ படத்துக்கு 18 வயதுக்குக் கீழே யாரையும் உள்ளே விடக் கூடாது, கைக்குழந்தையையும் சேர்த்துத்தான். ஓடிடியில் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயமில்லை. 2021 விதிகளின்படி அந்தந்த நிறுவனமே வயதுப் பிரிவைப் போடுகிறது. பிள்ளைக்குத் தனி புரொஃபைல் வைத்து, உங்கள் புரொஃபைலுக்கு ரகசிய எண் (PIN) போட்டுவிடுங்கள்.

மாமியார் ஹால்லயே படுக்குறாங்க. அவங்க முன்னாடி ரெண்டு பேரும் உட்கார்ந்து படம் பார்க்க ஒரு மாதிரியா இருக்கு.

எனக்கும் முதல் ஒரு வருஷம் அப்படித்தான் இருந்தது. அத்தை கட்டிலில் படுத்திருப்பார், நாங்கள் தரையில் பாயைப் போட்டு உட்கார்ந்திருப்போம். படம் ஓடும், மூன்று பேரும் அசையாமல் இருப்போம். ஒருநாள் என் வீட்டுக்காரர் தன் முறையில் ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படம் போட்டார். அத்தை எழுந்து உட்கார்ந்து, “இத நான் தங்கத்துல பார்த்தேன்டா” என்றார்.

தங்கம் தியேட்டர் தெரியாத மதுரைக்காரர்கள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். 2,500 பேருக்கு மேல் உட்காரலாம், ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று பேர் எடுத்தது. 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்தார்கள். இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடை நிற்கிறது. அத்தை அங்கே கல்யாணத்துக்கு முன்னால் அக்காமார்களோடு போனதையும், கல்யாணமாகி மாமாவோடு முதல் தடவை போனபோது கூட்டத்தில் கைவிட்டுப் போய், இடைவேளை வரை ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பார்த்ததையும் அன்றைக்குச் சொன்னார். “இடைவேளையில உங்க மாமா ரெண்டு கோன் ஐஸ வாங்கி வச்சுக்கிட்டுத் தேடுறாரு. என்னைப் பார்க்கும்போது ரெண்டும் உருகி முழங்கை வரைக்கும் வழியுது.” அவர் அம்மா வாயிலிருந்து அந்தக் கதையை என் வீட்டுக்காரரே அன்றைக்குத்தான் முதலில் கேட்டார்.

அதற்குப் பிறகு மாதத்தின் முதல் சனிக்கிழமை அத்தையின் முறை. மற்ற சனிக்கிழமைகளில் அவராகவே எங்கள் அறைக்குப் படுக்கப் போய்விடுவார், மகனும் அவரோடு. நாங்கள் கேட்கவில்லை. உங்கள் மாமியாருக்கும் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். ஒளித்து வைக்கும் வேலை இல்லாமல் போய்விடும்.

மலையாளப் படம் நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா சப்டைட்டில் படிக்கவே நேரம் போயிடுது. அவருக்கு இங்கிலீஷும் அவ்வளவு வராது.

என் வீட்டுக்காரர் தமிழ் மீடியம். ஆங்கில சப்டைட்டில் அவர் பாதி படிப்பதற்குள் மாறிவிடும். அதைச் சொல்லவும் மாட்டார், சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. முறை வைத்துப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் முறை என்பதற்காக, எதிராளிக்குப் புரியாத ஒன்றை இரண்டரை மணி நேரம் பார்க்கவைக்கக் கூடாது.

மலையாளத்துக்குச் சப்டைட்டிலை நிறுத்திவிட்டே பார்த்தோம். முதல் இருபது நிமிஷம் தடுமாற்றமாக இருக்கும், பிறகு காது பழகிவிடும். தமிழ் டப்பிங் இருந்தாலும் மலையாளத்திலேயே போடுங்கள், இரண்டு மொழிக்கும் நடுவே சுவர் அவ்வளவு உயரமில்லை. கொரியன், ஜப்பான் படங்களுக்குத் தமிழ் டப்பிங் இருந்தால் அதைப் போடலாம், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. டப்பிங் இல்லாவிட்டால் நான் சன்னக்குரலில் சொல்லிக்கொண்டே வருவேன். அப்படிப் பார்க்கும் படத்துக்கு மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறோம்.

படம் ஓடும்போதே அவர் போனை நோண்டிக்கிட்டு இருக்கார். எதுக்குச் சேர்ந்து பார்க்கணும்?

எங்கள் வீட்டில் போன் இரண்டும் சமையலறையில் கிரைண்டர் மேல் இருக்கும். சனிக்கிழமை ராத்திரியும் மெக்கானிக்குகள் அவரைக் கூப்பிடுவார்கள், கிளட்ச் கேபிள் இருக்கா, பிளக் இருக்கா என்று. அதற்காக இடைவேளை விடுகிறோம். இந்தியப் படங்களில் இடைவேளை எங்கே என்று படத்திலேயே போட்டிருப்பார்கள். அங்கே நிறுத்தி, அவர் போனைப் பார்ப்பார், நான் சுண்டல் தாளிப்பேன். பத்து நிமிஷம். இடைவேளை இருக்கிறது என்று தெரிந்தால் ஒன்றேகால் மணி நேரம் போன் இல்லாமல் யாராலும் இருக்க முடியும்.

அவர் பாதியிலேயே தூங்கிடறார். எழுப்பினா “முழிச்சுதான் இருக்கேன்”ங்கறார்.

கோபப்படாதீர்கள். ஆறு நாள் நின்று வேலை பார்த்த உடம்பு. என் வீட்டுக்காரர் விழித்திருக்கும்வரை வலது கால் பெருவிரலை ஆட்டிக்கொண்டே இருப்பார், பாட்டே இல்லாத படத்திலும். அந்த விரல் நின்றால் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். நான் அப்போதே படத்தை நிறுத்தி, எத்தனையாவது நிமிஷம் என்று நோட்டில் எழுதிவிட்டு விளக்கை அணைத்துவிடுவேன். மிச்சம் ஞாயிற்றுக்கிழமை மதியம். அவர் இல்லாமல் நான் தொடர்ந்து பார்ப்பதில்லை. இது முறை இல்லாதவருக்குச் சொன்ன கடமையின் மறுபாதி: ஒருவர் தூங்கிவிட்டால் படமும் நிற்கும்.

வாரா வாரம் தூங்குகிறார் என்றால் நேரம்தான் தப்பு. படத்தை ஞாயிறு காலைக்கு மாற்றுங்கள். என் தங்கச்சி வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குப் போட்டுவிடுகிறார்கள்.

எனக்கு அழ வைக்குற படம் பிடிக்கும், அவருக்குச் சண்டைப் படம். ரசனையே ஒத்துவராதவங்க சேர்ந்து பார்த்து என்ன ஆகப்போகுது?

இதற்குத்தான் நான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். ரசனை ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. எங்களுக்கு இன்றுவரை ஒத்துப்போகவில்லை. முறை வைத்ததே அதனால்தான்.

முதல் இரண்டு வருஷம் அவர் முறையில் வரும் சண்டைப் படங்களை நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். அவர் சண்டையை ரசிக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் பார்த்தது வண்டிகளை. 1980-ல் நடப்பதாகக் காட்டும் கதையில் தெருவோரம் ஒரு மாருதி 800 நின்றால், “83 டிசம்பர்லதான் அந்த வண்டியே வந்துச்சு” என்பார். ஒருநாள் ஒரு படத்தில் கதாநாயகன் பஜாஜ் சேத்தக்கை இடது பக்கம் சாய்த்து, நிமிர்த்தி, மிதித்துக் கிளப்பினான். முழுதாக மூன்று விநாடிகூட இருக்காது. அவர் ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். நிறுத்தக் கூடாது என்று வைத்ததே அவர்தான். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எங்கப்பா இப்படித்தான்” என்றார்.

மாமா அந்த ஸ்கூட்டரை புக் பண்ணி வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கினாராம். காலையில் கிளம்பாவிட்டால் சாய்ப்பார், பிளக்கைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். முன்னால் நின்றுகொண்டு போன பையன்தான் இவர். பிளஸ் டூ படிக்கும்போது மாமா இறந்துவிட்டார். காலேஜ் ஃபீஸுக்கு ஸ்கூட்டரை விற்றார்கள். வாங்கியவன் கிளப்பத் தெரியாமல் வாசலில் திணறியபோது, இவர்தான் போய்ச் சாய்த்து, மிதித்துக் கிளப்பிக் கொடுத்தாராம். ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஏன் என்று அதுவரை நான் கேட்டதும் இல்லை, எனக்குத் தோன்றியதும் இல்லை. அவருக்குப் பிடித்த படத்தில் கடைசி வரை உட்கார்ந்திருந்ததால் கிடைத்தது அது. எனக்குப் பிடித்த படமாகவே போட்டுக்கொண்டிருந்தால் என்னைத்தான் எனக்குத் தெரிந்திருக்கும், அவரை இல்லை.

படம் முடிஞ்சு பேச ஆரம்பிச்சா சண்டையில முடியுது. “நீயும் அவளை மாதிரிதான்”ங்கறார்.

படத்தில் வரும் ஆளை வீட்டில் இருக்கும் ஆளோடு ஒப்பிட்டால் அன்றைக்குப் பேச்சு முடிந்தது. 2021-ல் சமையலறையிலேயே நடக்கும் ஒரு மலையாளப் படம் பார்த்தோம், என் முறை. முடிந்ததும் நான் “பார்த்தீங்களா?” என்றேன். ஒரே வார்த்தைதான். அவர் “நான் என்ன அவ்வளவு மோசமா?” என்றார். அதிலிருந்து அவர் அம்மா, என் அம்மா, சீர், பாத்திரம் என்று எங்கெங்கோ போய், ஒன்றரை மணிக்கு ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தோம்.

மறுநாள் காலை நான் எழுந்து போனபோது அவர் சிங்க்கில் அடைத்திருந்ததைக் கையால் எடுத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. காபி குடிக்கும்போதுதான் பேசினோம், நன்றாகவே பேசினோம். கனமான படமாக இருந்தால் அன்றைக்கு ராத்திரியே அலசுவதில்லை என்று அதற்குப் பிறகு வைத்துக்கொண்டோம். ஞாயிறு காலை காபிக்கு அந்தப் பேச்சு. அப்போதும் கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்லித்தான் பேச வேண்டும், “உங்க வீட்டுல”, “உன் வீட்டுல” என்று ஆரம்பிக்கக் கூடாது.

சில காட்சி வந்தா எனக்குப் பார்க்கவே முடியலை. ஆனா அவர்கிட்ட சொல்லக் கூச்சமா இருக்கு.

சொல்லுங்கள். கடைசி வரை உட்கார வேண்டும் என்ற கடமை, பிடிக்காத படத்துக்குத்தான். வலிக்கிற படத்துக்கு இல்லை. பிரசவத்தில் குழந்தை இறக்கும் காட்சியை என்னால் பார்க்க முடியாது. காரணம் அவருக்குத் தெரியும். அப்படி ஒரு காட்சி வரும் என்று முன்பே தெரிந்தால் அவர் சொல்லிவிடுவார், நான் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டு வருவேன். அது நான் மேலே சொன்ன இரண்டு ‘வேண்டாம்’ கணக்கில் சேராது.

படுக்கையறைக் காட்சிகளும் அப்படித்தான். ஒருவருக்கு அது சங்கடம் என்றால் தள்ளி ஓட்டுங்கள். “இதுல என்ன இருக்கு” என்று மட்டும் கேட்காதீர்கள்.

அவர் வரதுக்கு முன்னாடியே அந்தப் படத்தை நான் பார்த்துட்டேன். தெரியாத மாதிரி மறுபடி பார்க்கலாமா?

வேண்டாம். முகம் காட்டிக்கொடுத்துவிடும். சிரிக்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே நீங்கள் சிரிப்பீர்கள். பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, கதையைச் சொல்லாமல் இரண்டாம் தடவை கூட உட்காருங்கள். அப்போது நீங்கள் படத்தைப் பார்க்க மாட்டீர்கள், அவர் பார்ப்பதைப் பார்ப்பீர்கள். எனக்கு அதுவும் பிடிக்கும்.

எங்க வீட்டுக்காரர் சவுதியில இருக்கார். எங்களுக்கு இதெல்லாம் முடியுமா?

முடியும். ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஒருவரின் தங்கை இப்படித்தான் பார்க்கிறாள். சவுதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். சவுதியில் வார விடுமுறை வெள்ளி, சனி. துபாயில் 2022-லிருந்து சனி, ஞாயிறு, வெள்ளி அரை நாள். உங்களுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரை என்றால் அங்கே ஏழு மணி. அவர்கள் சமைத்துச் சாப்பிட்டு உட்காரும் நேரம்.

இரண்டு விஷயம் முன்கூட்டியே பாருங்கள். ஒரே ஓடிடியாக இருந்தாலும் இங்கே இருக்கும் படம் அங்கே இல்லாமல் போகலாம், உரிமை நாட்டுக்கு நாடு மாறும். அதனால் வியாழக்கிழமை பெயரைச் சொல்லும்போதே அங்கே இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். துபாயில் வாட்ஸ்அப் கால் போகாது, மெசேஜ் போகும். ‘போடு’ என்று ஒரு மெசேஜ், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போட வேண்டும். இடைவேளையில் இன்னொரு மெசேஜ். ஓடும்போது மெசேஜ் வேண்டாம். அவளுடைய வீட்டுக்காரர் அறையில் நான்கு பேர் தங்கியிருக்கிறார்கள். முதலில் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு தனியாகப் பார்த்தாராம். இப்போது நான்கு பேருமாகப் பார்க்கிறார்களாம். முறை மட்டும் இன்னும் இவர்கள் இரண்டு பேருக்குள்தான்.

பார்த்ததையெல்லாம் நோட்டுல எழுதி வைக்கிறீங்களாமே? எதுக்கு?

முதலில் டிக்கெட்டைத்தான் ஒட்டி வைத்தோம். 2009-ல் கிழித்துக் கொடுத்த ரோஸ் கலர் காகித டிக்கெட் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, வரிசை எண்கூடத் தெரிகிறது. பிறகு வந்த மெஷின் டிக்கெட்டெல்லாம் சூட்டில் அச்சாகும் காகிதம். மூன்று, நான்கு வருஷத்தில் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிட்டது. நோட்டில் பக்கம் பக்கமாக வெற்றுச் சீட்டுகள். எந்தப் படம், எந்த நாள் என்று எங்களுக்கே தெரியவில்லை. அதிலிருந்து பேனாவால் எழுதுகிறோம்: தேதி, படம், யார் முறை, ஒரு வரி. அவர் எழுதும் வரியில் பெரும்பாலும் வண்டி இருக்கும்.

இடையில விட்டுப் போச்சுன்னா? திரும்ப ஆரம்பிக்கவே தோண மாட்டேங்குது.

எங்களுக்கும் விட்டுப் போயிருக்கிறது. 2020 மார்ச்சில் தியேட்டர்களை மூடினார்கள், நவம்பர் 10-ந் தேதி பாதி இருக்கைகளோடுதான் திறந்தார்கள். அந்த எட்டு மாதமும் வீட்டில் விடாமல் பார்த்தோம். விட்டுப்போனது அதற்கு மூன்று வருஷம் கழித்து, அத்தைக்கு இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனபோது. ஒன்பது சனிக்கிழமை. நோட்டில் ஒன்பது தேதிகளை மட்டும் எழுதி, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

திரும்ப ஆரம்பிக்கும்போது நல்ல படமாகத் தேட வேண்டாம். விட்ட இடத்தில் யார் முறையோ அவர் முறைதான். எங்களுக்கு அது அத்தையின் முறையாக இருந்தது. வாக்கரைக் கட்டில் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, “பாட்டு நிறைய இருக்குறதா போடு” என்றார்.